அண்ணன் தங்கை மாதிரி

என் அண்ணன் ஹூபர்ட்டுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அவனுடைய நாற்பத்தாறாவது வயதில் எங்கள் பங்குச் சாமியார் அவனுக்கு இன்னொரு தங்கையைக் கொடுத்தார். வேறு யாரையுமல்ல, அவன் பெண்டாட்டியையே.

லோமான் சாமியார் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் ரோஸ்வித்தா அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள்.

ரோஸ்வித்தா எங்கள் ஊர் ஓஸ்டர்லோ கோயிலில் மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கோயில்பிள்ளை ப்ரூனிங்கின் மகள். மெழுகுவர்த்தி வாசனையில் வளர்ந்தவள். இருபத்தோரு வயதில் ராய்னர் என்ற மாட்டுத்தீவன வியாபாரியை, அவன் சிரிப்பைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். அப்பா துடைத்து வைத்த பீடத்தின் முன்னால்தான் கல்யாணம். அந்தச் சிரிப்பு ஒரு குளிர்காலம் தாங்கியது. பிறகு கை நீட்ட ஆரம்பித்தான். நாலாவது வருஷம் ப்ரேமன் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு போய்விட்டான். விவாகரத்து கேட்டதும் அவன்தான். கோர்ட்டில் இவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் அண்ணன் டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். சத்தமாகச் சிரிப்பான், சத்தமாகத் தும்முவான். ரோஸ்வித்தா தனியாக இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தபோது சரிசெய்யப் போனவன், குழாய் சரியான பிறகும் போய்க்கொண்டே இருந்தான். அவர்கள் கல்யாணம் நகராட்சி அலுவலகத்தில், அதிகாரி முன்னால் நடந்தது. கோயில் கதவு அவர்களுக்குத் திறக்காது. முதல் புருஷன் உயிரோடு இருக்கிறவரை, கோயிலைப் பொறுத்தவரை அவள் ராய்னரின் மனைவிதான்.

அன்றிலிருந்து, பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பமான நன்மையை வாங்க ரோஸ்வித்தாவுக்கு அனுமதி இல்லை. பூசைக்கு வருவாள், பாடகர் குழுவில் பாடுவாள். மேல்மாடத்தில் இருக்கும் பாடகர்கள் எல்லோரும் நன்மை வாங்க வரிசையாகப் படியிறங்கும்போது, அவளும் ஆர்கன் வாசிப்பவரும் மட்டும் மேலே இருப்பார்கள். ஆர்கன்காரர் வாசித்தாக வேண்டும். இவள் பாட்டுத் தாளைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்வாள். அப்படியே பன்னிரண்டு வருஷம் போனது. குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல ஊரில் ஆள் இருந்தது.

ப்ரூனிங் இறந்தது எண்பத்து நாலாம் வருஷம் மார்ச் மாதம். அடக்கப் பூசைக்கு ராய்னர் வந்தான். கறுப்புக் கோட்டு, தலையில் எண்ணெய், முகத்தில் அளவான சோகம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். நன்மை கொடுக்கும் நேரம் வந்ததும் எழுந்து, கைகளைக் குவித்துக்கொண்டு, ரோஸ்வித்தாவைக் கடந்து பீடத்துக்கு நடந்தான். சாமியார் நன்மையை நீட்ட, இவன் வாங்கிக்கொண்டான். கண்ணை மூடியபடி திரும்பி வந்தான்.

அப்பாவின் சவப்பெட்டிக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்த ரோஸ்வித்தா முதல் வரிசையை விட்டு எழவில்லை. எங்கள் வரிசையில் எல்லோரும் அவள் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனோம். ஹூபர்ட் மட்டும் அவளோடு உட்கார்ந்திருந்தான். திரும்பி வரும்போது அவனுடைய சிவந்துபோன கழுத்தை நான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து காப்பியும் வெண்ணெய்க் கேக்கும் கொடுத்த கூடத்தில் ராய்னர் அவளிடம் வந்தான்.

"உங்கப்பா தங்கமான மனுஷன், ரோஸி. உனக்காகவும் சேர்த்து வேண்டிக்கிட்டேன். நீதான் போக முடியாதே."

ஹூபர்ட் கேக் தட்டைக் கீழே வைத்தான். "வெளிய வா, உன்கிட்ட நானும் கொஞ்சம் வேண்டிக்கணும்."

"சும்மா இரு" என்று அவன் கையைப் பிடித்தாள் ரோஸ்வித்தா. ராய்னரிடம், "கேக் எடுத்துக்கோ. எங்கப்பா காசுலதான்" என்றாள். அவன் எடுத்துக்கொண்டான். இரண்டு துண்டு.

மறுநாளே அவள் சாமியாரிடம் போனாள். அங்கே நடந்ததை வரிவிடாமல் என்னிடம் சொன்னாள்.

"அவனுக்கு எப்படிச் சாமி குடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "என்னை அடிச்சவன். விட்டுட்டு ஓடினவன்."

"அவன் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டான்மா. கூட இருந்தவளும் போயிட்டா. இப்பத் தனியாத்தான் இருக்கான். மறுபடி கல்யாணம் பண்ணிக்கல. செஞ்ச பாவத்துக்கு வருத்தப்பட்டான், மன்னிப்பு குடுத்தாச்சு."

"நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"நீ சாயங்காலம் ஹூபர்ட் வீட்டுக்குப் போறியே."

"அது என் வீடு சாமி."

லோமானுக்குக் கண் கலங்கிவிட்டதாம். மறையில் வழி தேடித் தேடிப் பார்க்கிறவர் அவர். முதலில் ஒரு வழி சொன்னார். ராய்னரோடு நடந்த கல்யாணம் உண்மையில் கல்யாணமே இல்லை என்று மறைமாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். சின்ன வயசு, புரியாமல் சம்மதித்தேன், யாரோ வற்புறுத்தினார்கள், இப்படி ஏதாவது இருந்தால்.

"எனக்குப் புரிஞ்சுதான் சாமி சம்மதிச்சேன். யாரும் வற்புறுத்தல. எங்கப்பாதான் வேணாம்னார். நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டேன்."

"நல்லா யோசிச்சுப் பாரு. அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு…"

"அவன் மனசு எனக்கெப்படித் தெரியும்? என் மனசு தெரியும். பொய் சொல்லி வாங்குற நன்மை எதுக்கு?"

அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். பக்கத்து ஊரில் ஒரு பணக்காரி மூன்று பிள்ளை பெற்ற பிறகு தன் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று தீர்ப்பு வாங்கிவிட்டாள். இவள் கோயில்பிள்ளை மகள். பொய் வராது.

அப்போதுதான் லோமான் இரண்டாவது வழியைச் சொன்னார். ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளலாம். படுக்கை மட்டும் வேறு. அண்ணன் தங்கை மாதிரி. அப்படி இருப்போம் என்று மனப்பூர்வமாக வாக்குக் கொடுத்தால் நன்மை வாங்கத் தடையில்லை. திருச்சபை சொல்வதே அதுதான்.

மே மாதம். ரோஸ்வித்தாவின் சமையலறையில் நானும் அவளும் ஆஸ்பராகஸ் தண்டுகளின் தோலைச் சீவிக்கொண்டிருந்தோம். ஹூபர்ட் பட்டறையிலிருந்து வந்து கை கழுவினான். அவள் தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னாள். நான் எழப்போனேன். "நீ இரு, மெக்டில்ட். ஒரு ஆள் கூட இருந்தாத்தான் எனக்குச் சொல்ல வரும்" என்றாள்.

ஹூபர்ட் முதலில் சிரித்தான். "தங்கையா? எனக்கு ஒண்ணு இருக்கே. இவ ஒருத்தியோட நான் பட்டதே போதும்."

"நான் விளையாடல."

அவன் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். "நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு. இத்தனை நாளும் நாம பண்ணினது என்ன, அசிங்கமா?"

"அப்படி நான் சொல்லல."

"அவர் சொல்றாரே."

"அப்பா பெட்டி முன்னால நான் உட்கார்ந்திருந்தேன், ஹூபர்ட். அவன் என்னைத் தாண்டிப் போனான். அவன்! எனக்கு அது நெஞ்சுலயே நிக்குது. பசிக்கிற மாதிரி இருக்கு. உனக்குப் புரியாது, நீ அதுக்காக ஏங்கினவன் இல்ல. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து அதுதான் சோறு."

என் அண்ணன் கோயில் விஷயத்தில் மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி. இருந்தால் இருப்பான், இல்லாவிட்டாலும் கவலையில்லை. அவன் கொஞ்ச நேரம் அவள் கையையும் கத்தியையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி" என்றான். "பின்னறையில கட்டில் போட்டுக்கறேன். ஆனா ஒண்ணு. நான் இதை உனக்காகப் பண்றேன். அவருக்காக இல்ல, அவருக்கு மேல இருக்கிறவருக்காகவும் இல்ல. நான் வாக்குக் கொடுக்க வருவேன், நன்மை வாங்க வரமாட்டேன்."

எனக்கு அன்றைக்கே சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஹூபர்ட்டுக்குத் தங்கையாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு ஒரு போன், கிறிஸ்மஸுக்கு ஒரு பாட்டில், பார்த்தால் முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அவன் பாசக்காரன். ஆனால் தங்கையை அவன் நினைத்துப் பார்ப்பது அபூர்வம்.

வாக்குக் கொடுத்தார்கள். ரோஸ்வித்தா பாவசங்கீர்த்தனம் செய்தாள். அடுத்த ஞாயிறு மேல்மாடத்திலிருந்து மற்றவர்களோடு படியிறங்கலாம் என்று நினைத்திருந்தாள். சனிக்கிழமை லோமான் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல், ரோஸ்வித்தா. உங்க வாக்கு உங்களுக்கும் எனக்கும் கடவுளுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாதே. நீ திடீர்னு வந்து வாங்கினா ஜனங்க குழம்பிடுவாங்க. சட்டம் மாறிப்போச்சான்னு கேப்பாங்க. தினம் பூசைக்கு வர்ற டென்ஹாகன் அம்மா இப்பவே…"

"அப்போ பீடத்துல நின்னு சொல்லிடுங்க சாமி" என்றான் ஹூபர்ட். "ஹூபர்ட் பின்னறையில படுக்கிறான், ரோஸ்வித்தா முன்னறையில படுக்கிறா, சந்தேகம் இருக்கிறவங்க வந்து பாத்துக்கலாம்னு."

"ஹூபர்ட்!" என்றாள் ரோஸ்வித்தா.

"மியூன்ஸ்டருக்குப் போய் வாங்கிக்கலாமே" என்றார் லோமான். "பெரிய ஊர். யாருக்கும் உங்களைத் தெரியாது."

அவர் போன பிறகு ஹூபர்ட், "இனிமே மியூன்ஸ்டர்ல இருக்கிற கடவுள்தான் நமக்கா? நம்ம ஊர்க் கடவுளுக்கு டென்ஹாகன் கிழவின்னா அவ்வளவு பயமா?" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஞாயிறுதோறும் காலையில் எங்கள் கோயிலில் பாடிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் மியூன்ஸ்டருக்குப் போவாள். மாலைப் பூசை. ஹூபர்ட்தான் கார் ஓட்டுவான். அவள் உள்ளே போவாள், அவன் எதிரில் இருந்த கடையில் பீர் வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பான். முதல் தடவை நானும் போனேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு நன்மை வாங்கித் திரும்பியவளின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறுக்க மாட்டேன். நோயாளிக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. ஹூபர்ட்டும் பார்த்தான். "நல்லா இருக்கியா?" என்று கேட்டான். தலையாட்டினாள். "அப்ப சரி" என்று கார்க் கதவைத் திறந்துவிட்டான். அந்தக் காலத்தில் அதுவே அவனுக்குச் சந்தோஷம்தான்.

முதல் வருஷம் இருவரும் விளையாட்டாகத்தான் இருந்தார்கள். "தங்கச்சி, உப்பு எடு" என்பான். அவள் கரண்டியால் அடிக்க வருவாள். படுக்கைதான் வேறு, மற்றபடி ஒரு தோள் உரசல், கழுத்தில் ஒரு முத்தம், இதையெல்லாம் எந்தச் சட்டம் தடுக்கப்போகிறது என்று அவன் நினைத்தான்.

இரண்டாம் வருஷம் டிசம்பரில் ஒரு நாள் அவன் பட்டறையிலிருந்து வந்து, அடுப்பருகே நின்றவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அவள் அவன்மேல் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. கிறிஸ்மஸுக்கு முன் மியூன்ஸ்டருக்குக் காரில் போகும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "முதல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும். அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்."

"என்னைக்கு நடந்ததை?"

"அடுப்படியில. நான் விலகியிருக்கணும். விலகல."

ஹூபர்ட் வண்டியை வயல் ஓரமாக நிறுத்திவிட்டான். "அதையா? அதையும் போய் யாரோ ஒரு சாமிகிட்டச் சொல்வியா? என் பொண்டாட்டியை நான் தொட்டதுக்கு நீ மன்னிப்புக் கேப்பியா?"

"கோவப்படாதே. எனக்கு மனசு உறுத்துது."

"எனக்கும் உறுத்துது" என்றான். பிறகு வண்டியைக் கிளப்பினான்.

இதை அவன்தான் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "குளிருக்கு இதமா இருந்துச்சுன்னு நெனச்சேன், மெக்டில்ட். அவ அதைப் பாவக் கணக்குல எழுதியிருக்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் அவளைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டு வாங்கும்போதுகூட விரல் படாமல் வாங்கினான். கோபமாக அல்ல. ஒரு பழக்கம் விட்டுப்போவது மாதிரி. கேலி நின்றது, பிறகு தும்மல்கூடச் சின்னதாகிவிட்டது. வருஷந்தோறும் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கம் நடத்தும் திருவிழாவில் அவர்கள் சேர்ந்து ஆடுவதை ஊரே நின்று பார்க்கும். அதுவும் நின்றது. மூன்றாம் வருஷத்திலிருந்து அவன் மியூன்ஸ்டருக்குப் போகவில்லை. அவளே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ரோஸ்வித்தாவுக்குத் தெரியவில்லையா என்றால், தெரிந்தது. ஒருமுறை என்னிடம், "அவன் ரொம்ப நல்லவனா ஆயிட்டான், மெக்டில்ட். வாக்கைக் கடைப்பிடிக்கிறது அவனுக்குக் கஷ்டமாவே இல்லபோல" என்றாள். அவள் பெருமையாகச் சொல்கிறாளா, பயந்து சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. தொண்ணூற்றொன்றில், கோடையில், நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையம் ஒன்றில் ராய்னர் மாரடைப்பால் விழுந்து இறந்தான்.

செய்தியைக் கொண்டுவந்ததே லோமான்தான். எழுபதைத் தாண்டிய மனுஷர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். நான் தோட்டத்தில் ரோஸ்வித்தாவோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஹூபர்ட் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள அவர் படாத பாடுபட்டார். முடியவில்லை.

"ராய்னர் போயிட்டான். ஆண்டவர் அவன் ஆத்துமாவை ஏத்துக்கட்டும். ரோஸ்வித்தா, இனி உனக்குத் தடை எதுவும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் நம்ம கோயில்லயே, பீடத்துக்கு முன்னாலயே கல்யாணம் பண்ணிக்கலாம்."

ரோஸ்வித்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹூபர்ட் சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டான்:

"ஒருத்தன் செத்ததுக்கு வாழ்த்துச் சொல்ல வந்திருக்கீங்களா சாமி?"

"அப்படி இல்லப்பா…"

"அப்படித்தான். அவன் இருபது வருஷம் முன்னாடியே பெட்ரோல் போடப் போயிருந்தா எங்களுக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும்."

லோமான் சைக்கிளைத் திருப்பினார். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் போனார்.

அன்று சாயங்காலம் ரோஸ்வித்தா நீல உடுப்பை எடுத்து அணிந்துகொண்டாள். தலைமுடியைச் சுருட்டிக்கொண்டாள். ஐம்பதை நெருங்குகிறவள், கன்னம் சிவந்து நின்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். அதன்பிறகு நடந்ததை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், வார்த்தை மாறாமல். அவள் பின்னறை வாசலில் போய் நின்று, "இனிமே நீ இங்க படுக்க வேணாம்" என்றாள்.

ஹூபர்ட் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். "உக்காரு" என்றான். உட்கார்ந்தாள்.

"இந்த ஏழு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீயா இந்த வாசலுக்கு வந்திருந்தா நான் எழுந்து வந்திருப்பேன். அப்புறம் நீ பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கலாம், நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நீ வரல. இப்ப வந்திருக்க. சாமி சைக்கிள்ல வந்து அனுமதி குடுத்துட்டுப் போனப்புறம் வந்திருக்க."

"நான் உன்னை விரும்பாமலா இருந்தேன்?"

"விரும்பின. தெரியும். ஆனா அதை நீ ஒரு வியாதி மாதிரி பாத்துக்கிட்ட. எனக்கு இப்ப உன்மேல கோவமில்ல, ரோஸி. உனக்கு உடம்பு சரியில்லன்னா ராத்திரி பூரா உக்காந்திருப்பேன். ஆனா வேற ஒண்ணும் வரல. நீயும் சாமியும் உன்னைத் தங்கையாப் பாக்கச் சொன்னீங்க. நீ தங்கையாவே ஆயிட்டே."

அவள் இரண்டு மாதம் கெஞ்சினாள். கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: ஊர் முன்னால், அவள் அப்பா துடைத்த பீடத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை. ஹூபர்ட், "சரி" என்றான். அவள் கேட்டு அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அக்டோபரில் கல்யாணம். கோயில் நிறைந்திருந்தது. டென்ஹாகன் அம்மா முதல் ஆளாக வந்து, கண்ணீரோடு ரோஸ்வித்தாவைக் கட்டிக்கொண்டு, "நான் தினம் உங்களுக்காக ஜெபம் பண்ணினேன்மா" என்றாள். பாடகர் குழு அவளுக்குப் பிடித்த பாட்டுகளாகப் பாடியது. சம்மதமா என்று லோமான் கேட்டார். ஹூபர்ட் தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்மதம்" என்றான். பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். யார் வற்புறுத்தியும் இல்லை, புரிந்துதான் சொன்னான். நன்மை கொடுக்கும்போது லோமான் அவனுக்கும் நீட்டினார். ஊரே பார்க்கிறதே என்று வாங்கிக்கொண்டான், ரொட்டி ஓரத்தை மெல்லுகிற மாதிரி மென்றான். ரோஸ்வித்தா அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

விருந்து முடிந்து வீட்டுக்குப் போனதும் ஹூபர்ட் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "ரொம்பக் களைப்பா இருக்கு" என்று பின்னறைக்குப் போய்விட்டான்.

வசந்தத்தில் ஓல்டன்பர்க் பக்கம் ஒரு இயந்திரக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்றான். வேலையை அவன்தான் தேடிப்போயிருந்தான். பட்டறையைக் கூட்டாளியிடம் விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. அவள் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிக் கொடுத்தாள், அவன் வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தைச் சரிசெய்துவிட்டுப் போனான். முதலில் வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாதம் ஒருமுறை. இப்போது அவளுக்குப் பிறந்தநாளுக்கு ஒரு போன் வருகிறது.

அங்கே அவனுக்கு ஒரு விதவை பழக்கம். நல்ல பொம்பளை என்கிறான். அவளோடு குடித்தனம் வைத்தால் இனி அவனுக்கு நன்மை கிடையாது. கோயிலில் முறைப்படி கல்யாணமானவன். ஹூபர்ட் அதைப் பற்றிக் கவலைப்படுகிறவன் அல்ல. விவாகரத்துகூட அவன் கேட்கவில்லை.

ரோஸ்வித்தாவுக்கு எந்தத் தடையும் இல்லை. புருஷன் விட்டுப்போன பெண், தனியாக இருக்கிறாள், குற்றம் அவள் பக்கம் இல்லை. லோமான் விசாரித்துவிட்டு, "தாராளமா வரலாம்மா" என்று சொல்லிவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் கோயிலிலேயே எல்லோரோடும் படியிறங்கி வந்து நன்மை வாங்குகிறாள்.

போன வாரம் பூசை முடிந்து அவள் வீட்டில் காப்பி குடித்தோம். கப்பைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"அந்த டிசம்பர்ல நான் அடுப்படியில நடந்ததைப் போய்ச் சொல்லாம இருந்திருந்தா, அவன் இங்கயே இருந்திருப்பானா?"

இல்லை, அவன் எப்படியும் போயிருப்பான் என்று நான் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதும். ஆனால் அவன் என் அண்ணன்.

"இருந்திருப்பான்" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, "மழை வரும்போல இருக்கு, நீ நனையறதுக்குள்ள கிளம்பு" என்று என் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.